முளிர், முஸ்லிஹ், நோயாளியின் சொல்: புற்றுநோய் மருந்துகளின் பக்க விளைவு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, நெடுஞ்சாலையில் கூட்டேரிப்பட்டில் இறங்கித் திரும்பினால் மயிலம் வருகிறது. குன்றின் மேலுள்ள முருகன் கோயிலாலும் பொம்மபுர ஆதீனத்தாலும் தமிழ்க் கல்லூரியாலும் தமிழுலகம் நன்கறிந்த ஊர் அது. அவ்வழியே புதுச்சேரிக்குச் செல்லும் விடியற்காலைப் பேருந்துகளில் ஏறிப் பார்த்தவர்கள், கையில் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த கோப்புகளோடும் தண்ணீர்ப் புட்டிகளோடும் அமர்ந்திருக்கும் சிலரைக் கண்டிருப்பார்கள். அவர்கள் கல்லூரிக்கோ கடைக்கோ செல்பவர்களல்லர், மருத்துவமனைக்குச் செல்பவர்கள். விழுப்புரத்துக்கு அருகே முண்டியம்பாக்கத்தில் 2010இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்ட பின்னரும், புற்றுநோய் என்று பெயர் சொல்லப்பட்டுவிட்டால் இவ்வட்டாரத்து மக்கள் புதுச்சேரிக்கோ, காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டைக்கோ, சென்னை அடையாற்றுக்கோதான் பயணப்படுகிறார்கள்.

மயிலத்தையொட்டிய சிற்றூர் ஒன்றில் வாழும் நம் உறவினரான மூத்த அம்மையார் ஒருவரும் சில ஆண்டுகளுக்கு முன் அப்பேருந்தில் சென்று வந்தார். பெருங்குடலில் புற்று. அறுவை முடிந்து, மூன்று வாரங்களுக்கொரு முறை நரம்பு வழியாக ஒரு மருந்தும், இடைப்பட்ட நாள்களில் வாய் வழியாக மாத்திரையும் தரப்பட்டன. அவருக்குத் தலைமுடி கொட்டவில்லை. ஆகவே ‘அவங்களுக்கு லேசான மருந்துதான்’ என்று குடும்பத்தார் அனைவரும் முடிவு கட்டிவிட்டோம். மூன்றாம் சுற்று முடிந்த பின்னரே, ஃபஜ்ருத் தொழுகைக்கு உளூச் செய்யும்போது குழாய் நீர் பட்டதும் விரல்களில் மின்சாரம் பாய்வது போல் வலிக்கிறது என்பதையும், உள்ளங்கை சிவந்து தோலுரிகிறது என்பதையும், ஒரு மிடறு குளிர்ந்த நீர் குடித்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது என்பதையும் தற்செயலாக அறிந்தோம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். அல்லாஹ் கொடுத்ததைப் பற்றி மனிதர்களிடம் முறையிடலாமா என்பது அவர் தந்த மறுமொழி. மருத்துவரிடமாவது சொல்லியிருக்கலாமே என்றதற்கு, ‘அவர் கேக்கலியே, தம்பி’ என்றார்.

இவ்விரு விடைகளே இக்கட்டுரைக்குக் காரணம். சொல்லாமை ஒருபுறம், கேளாமை ஒருபுறம். இரண்டுக்கும் நெடிய வரலாறு உண்டு. அதில் நம் முன்னோர்களின் பங்கு என்ன என்பதையும் நாம் பார்க்க வேண்டியுள்ளது.

முதலில் பெயர். கிரேக்கர்கள் இந்நோயை நண்டு என்றனர். அரபு மருத்துவர்களும் அதே பொருளில் ‘ஸரத்தான்’ என்றனர். கட்டியைச் சுற்றிப் புடைத்த நரம்புகள் நண்டின் கால்களைப் போல் தோன்றியமையே காரணம் என்பர். தமிழ் வேறோர் உவமையைத் தேர்ந்துகொண்டது. புற்று என்பது கறையான் எழுப்புவது; வெளியே சிறு மேடு, உள்ளே எத்தனை அறைகள் என்று எவருக்கும் தெரியாது. நோயின் இயல்பைச் சொல்வதில் தமிழ்ச் சொல்லே நுட்பமானது என்று நமக்குப் படுகிறது.

அந்தலூஸின் அறுவை மருத்துவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (மறைவு ஏறத்தாழ கி.பி. 1013) தமது ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் அறுவைப் பகுதியில் ஸரத்தானைப் பற்றி எழுதியிருப்பது சிறிதே. தொடக்க நிலையில், மார்பு, தொடை போன்ற முழுமையாக வெட்டியெடுக்கத்தக்க இடத்தில் இருந்தால் அறுவை செய்யலாம். நாள்பட்டுப் பெருத்துவிட்டால் அதனருகே செல்லலாகாது என்கிறார். அதோடு, அத்தகைய முற்றிய நோயாளி எவரையும் தாம் குணப்படுத்தியதில்லை, பிறர் குணப்படுத்திக் கண்டதுமில்லை என்று ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறார். அறுவைக் கருவிகளைப் படம் வரைந்து காட்டிப் பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவுக்கே ஆசிரியராக விளங்கிய ஒருவர் தம் இயலாமையைப் பதிவு செய்த இடம் இது. அவருடைய வெற்றிகளை மட்டுமே திரும்பத் திரும்ப எழுதும் நம்மவர்கள் இவ்வரிகளையும் படிக்க வேண்டும். மருத்துவமே துன்பமாகிவிடும் எல்லை ஒன்று உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார்.

அந்த எல்லையைப் பற்றிய சிந்தனை இஸ்லாமிய உலகின் மருத்துவ நூல்களில் வேறொரு வடிவிலும் உண்டு. அபூபக்கர் அர்ராஸி (865–925) உணவுகளின் பயன்களையும் அவற்றின் தீங்குகளை விலக்குவதையும் பற்றித் தனி நூலே இயற்றினார். பதினோராம் நூற்றாண்டில் பக்தாதின் கிறித்தவ மருத்துவர் இப்னு புத்லான் ‘தக்வீமுஸ் ஸிஹ்ஹா’ என்னும் நூலை அட்டவணை வடிவில் அமைத்தார். ஒவ்வொரு பொருளுக்கும் அதன் இயல்பு, சிறந்த வகை, பயன் என வரும் கட்டங்களோடு, அதன் தீங்கு, அத்தீங்கை நீக்கும் வழி என்று இரண்டு கட்டங்களும் இருந்தன. லத்தீனில் பெயர்க்கப்பட்டு ‘டாக்குயினம் ஸானிடாட்டிஸ்’ என்ற பெயரில் ஐரோப்பிய அரண்மனைகளில் உலவியது இந்நூல்தான். இம்மரபே யுனானியில் நிலைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் முஹம்மது ஹுசைன் கான் பாரசீகத்தில் தொகுத்த ‘மக்ஸனுல் அத்வியா’வைப் புரட்டினாலும், இன்று சென்னை அரும்பாக்கம் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி மாணவர் படிக்கும் பாடநூலைப் புரட்டினாலும், மருந்துகளின் குணங்களுக்குப் பின் மூன்று சொற்கள் வரும்: முளிர், முஸ்லிஹ், பதல். முளிர் என்பது அம்மருந்து எந்த உறுப்புக்குத் தீங்கு செய்யும் என்பது. முஸ்லிஹ் என்பது அத்தீங்கைச் சீர்செய்ய உடன் சேர்க்க வேண்டியது. பதல் என்பது அம்மருந்து கிடைக்காதபோது மாற்றாக ஆவது. நம் மண்ணின் சித்த மருத்துவத்திலும் இதற்கு நேரானவை உண்டு. மருந்துச் சரக்கைச் சுத்தி செய்தல், பத்தியம், முறிவு என்பன அவை. சேராங்கொட்டையைக் கையாளும் வைத்தியர் அதனால் உடம்பெங்கும் தடிப்பு எழக்கூடும் என்பதை அறிந்தே கையாள்கிறார். பாலசித்தரின் பெயரோடு பிணைந்த மயிலத்து மக்களுக்கு, பத்தியமில்லாத மருந்து என்ற ஒன்றே இன்றும் நம்பத்தகாததாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

‘முளிர்’ என்ற சொல்லின் வேர் ‘ளரர்’, தீங்கு. தீங்கு அகற்றப்பட வேண்டும் என்ற ஃபிக்ஹின் பெருவிதியிலும் அதே வேர்ச்சொல் உள்ளது. அய்யூப் (அலை) அவர்கள் தம் இறைவனிடம் தமக்கு நேர்ந்ததைச் சொன்னபோது திருக்குர்ஆன் (21:83) ஆளும் ‘ளுர்ரு’ என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததே. மருந்துப் பட்டியலும் சட்ட விதியும் நபியின் மன்றாட்டும் ஒரே சொல்லில் வந்து சேர்கின்றன. இதனைப் பின்னர் மீண்டும் தொடுவோம்.

எனினும், எல்லாம் அன்றே நம்மிடம் இருந்தது என்று மார்தட்டுவதற்கு இது இடமன்று. முளிர்க் கட்டத்தில் எழுதப்பட்டவை மருந்தின் குணம் பற்றிய கோட்பாட்டிலிருந்து வருவிக்கப்பட்டவையே மிகுதி. நோயாளியைக் கேட்டு எழுதியவை குறைவு. அக்குறையை உணர்ந்த ஒருவர் உண்டு என்றால் அவர் மீண்டும் அர்ராஸியே. ‘அல்ஹாவி’யில் அவர் குறித்து வைத்த நோயாளிகளின் வரலாறுகளில் முப்பத்து மூன்றை மாக்ஸ் மேயர்ஹோஃப் 1935இல் வெளியிட்டார். அவற்றுள் ஒன்றை அதற்கு முன்பே எட்வர்ட் பிரவுன் 1921இல் வெளிவந்த தமது ‘அரேபிய மருத்துவம்’ நூலில் ஆங்கிலத்தில் தந்திருந்தார். அப்துல்லாஹ் இப்னு ஸவாதா என்பவருக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வருகிறது. அர்ராஸி அது முறைக்காய்ச்சலாகவோ சிறுநீரகப் புண்ணாகவோ இருக்கலாம் என்று ஐயுறுகிறார். சில நாள்களில் சிறுநீரில் சீழ் வெளிப்பட, சிறுநீரகமே என்பது உறுதியாகிறது. தாம் முன்பே அதனை அறுதியிடாமல் போனதற்கு அவர் எழுதி வைக்கும் காரணங்களுள் ஒன்று இது: எழுந்து நிற்கும்போது இடுப்பில் ஏதோ பாரம் தொங்குவது போல் இருப்பதை நோயாளி தம்மிடம் சொல்லவில்லை, தாமும் அதைப் பற்றிக் கேட்கத் தவறிவிட்டோம்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அக்குறிப்பைப் படித்தபோது, மயிலத்து அம்மையாரின் இரண்டு விடைகளும் அதில் அப்படியே இருப்பதைக் கண்டோம். அர்ராஸி பழியை நோயாளியின் மேல் மட்டும் சுமத்தவில்லை என்பது கவனத்திற்குரியது.

இனி நம் காலத்து மருந்துகளுக்கு வருவோம். இவற்றின் பிறப்பே ஒரு முளிரின் கதை. கடுகு வாயு என்னும் போர் நஞ்சு இரத்த வெள்ளணுக்களை அழிப்பது முதல் உலகப் போருக்குப் பின்னர் அறியப்பட்டது. அதன் உறவுப் பொருளான நைட்ரஜன் மஸ்டர்டை 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நிணநீர்க் கணுப் புற்று நோயாளி ஒருவருக்குச் செலுத்திப் பார்த்தனர். போர்க்கால ரகசியமாக இருந்த இச்சோதனைக்கு மறு ஆண்டே கோரமான சான்று கிடைத்தது. 1943 டிசம்பர் 2 அன்று இத்தாலியின் பாரி துறைமுகத்தில் ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசியபோது, கடுகு வாயு ஏற்றியிருந்த அமெரிக்கக் கப்பல் ஒன்றும் சிதறியது. நஞ்சு பட்டவர்களின் வெள்ளணுக்கள் சரிந்ததை மருத்துவர்கள் கண்டனர். கொல்லும் பொருளே அளவறிந்து தந்தால் மருந்தாகலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

நித்தியகல்யாணியின் கதையும் இத்தகையதே. நம் வீட்டு வாயில்களிலும் இடுகாடுகளிலும் பூத்து, சில ஊர்களில் சுடுகாட்டு மல்லி என்றே பெயர் பெற்றுவிட்ட இச்செடி மடகாஸ்கரிலிருந்து வந்தது. நீரிழிவுக்கு இதன் இலையைக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் ஜமைக்காவில் இருந்ததால், அங்கிருந்து வந்த இலைகளைக் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் ஆராய்ந்தனர். சர்க்கரை குறையவில்லை; வெள்ளணுக்கள் குறைந்தன. 1958இல் வின்பிளாஸ்டின் வெளிப்பட்டது. அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டின் 1963இல் பயன்பாட்டுக்கு வந்து, குழந்தைகளின் இரத்தப் புற்றில் இன்றளவும் இன்றியமையாததாய் நிற்கிறது. பக்க விளைவைத் தேடிச் சென்றவர்கள் மருந்தைக் கண்டனர் எனலாம். ஆனால் அம்மருந்து விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்கிறது. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை என்பதே பலரது முதல் முறையீடு.

பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவை நாம் போதிய அளவு நினைவுகூர்வதில்லை. அமெரிக்காவில் லெடர்லே நிறுவனத்தில் அவர் தலைமையில் உருவான ஃபோலிக் அமில எதிர்ப்பொருள்களில் ஒன்றைத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுக்கு ஆளான குழந்தைகளுக்குத் தந்தார். 1948இல் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில் பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்குத் தற்காலிகமாகவேனும் நோய் தணிந்தது என்ற செய்தி உலகை வியக்க வைத்தது. அக்குழந்தைகளின் வாயில் தோன்றிய புண்களும் அதே ஆய்வில் பதிவாயின. சுப்பாராவ் அதே 1948இல் மறைந்தார்.

தமிழகத்தில் கதிர் மருத்துவம் மருந்துகளுக்கு முன்னரே வந்தது. சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் திறக்கப்பட்டது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முப்பது ஆண்டுகள் விடாது முயன்றதன் பயனாக அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிற்று. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் இணைந்து 2021இல் மறையும் வரை அந்நிறுவனமே வாழ்வாக இருந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். காரப்பேட்டை அறிஞர் அண்ணா நினைவு மருத்துவமனை 1969இல் அரசால் நிறுவப்பட்டது. கதிர் மருத்துவத்துக்கு நம் மக்கள் தாமே ஒரு பெயர் வைத்துக்கொண்டனர்: ‘கரண்ட் வைத்தல்’. எந்த அகராதியும் தராத இச்சொல்லை வட ஆர்க்காட்டிலிருந்து குமரி வரை எவரும் புரிந்துகொள்வர். இச்சொல் ஒரு கருத்தையும் தன்னோடு சுமந்து வந்தது. உடம்பில் மின்சாரம் ஏற்றப்படுகிறது, ஆகவே சூடு ஏறுகிறது, ஆகவே தோல் கறுப்பதும் வாய் வறள்வதும் எதிர்பார்க்கத்தக்கதே, சொல்ல என்ன இருக்கிறது என்பதே அக்கருத்து. நம் அம்மையாருக்குக் கதிர் மருத்துவம் தரப்படவேயில்லை. ஆயினும் விரலில் பாயும் அதிர்ச்சி எங்கோ வைக்கப்பட்ட கரண்டின் மிச்சம் என்றே அவர் எண்ணியிருந்தார்.

நோயாளி எதைப் பெருந்துன்பமாகக் கருதுகிறார் என்பதை முறையாகக் கேட்கும் எண்ணம் மருத்துவ உலகுக்கு மிகத் தாமதமாகவே வந்தது. 1978இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சிஸ்பிளாட்டின், விரைப் புற்றை வென்ற பெருமையோடு, ஓயாத வாந்தியையும் கொண்டுவந்தது. 1983இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஆலன் கோட்ஸும் அவர் தோழர்களும் 99 நோயாளிகளிடம் அட்டைகளைக் கொடுத்தனர். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு துன்பம் எழுதியிருக்கும். தமக்கு நேர்ந்தவற்றைப் பொறுக்கி, கடுமையின் வரிசையில் அடுக்க வேண்டும். வாந்தி முதலிலும் குமட்டல் இரண்டாவதும் முடி உதிர்தல் மூன்றாவதும் வந்தன. நான்காவதாக வந்ததே நம் சிந்தனைக்குரியது: சிகிச்சைக்கு வர வேண்டுமே என்ற நினைப்பு. உடம்பில் எங்கும் இல்லாத, எந்தப் பரிசோதனையிலும் புலப்படாத ஒரு பக்க விளைவு அது. மருத்துவமனை வாசனையை நினைத்த மாத்திரத்தில், மருந்து ஏறுவதற்கு முன்பே வாந்தியெடுக்கும் நோயாளிகள் உண்டு. மயிலத்திலிருந்து புறப்பட்ட பேருந்து புதுச்சேரி எல்லையை நெருங்கும்போதே முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ளும் ஒரு பெண்ணைக் கண்டால், அது பேருந்தின் குலுக்கலால் மட்டும் என்று கொள்ள வேண்டியதில்லை.

1991இல் ஒன்டான்செட்ரான் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. யுனானி மொழியில் சொன்னால் சிஸ்பிளாட்டினுக்கு முஸ்லிஹ் கிடைத்தது. 1996இல் அதே சிட்னி ஆய்வு முறை வேறு நோயாளிகளிடம் மீண்டும் நடத்தப்பட்டபோது வாந்தி ஐந்தாம் இடத்துக்கு இறங்கியிருந்தது. குமட்டல் முதலிடத்தில் நின்றது. சோர்வு மேலேறி வந்திருந்தது. வாந்தி கண்ணுக்குத் தெரிவது. செவிலியர் எண்ணி எழுதக்கூடியது. குமட்டலும் சோர்வும் நோயாளி சொன்னாலொழியத் தெரியாதவை. கண்ணுக்குத் தெரிந்ததற்கு முதலில் மருந்து கிடைத்தது என்பதே இதன் பொருள்.

மருத்துவர் பதிவும் நோயாளி பதிவும் எவ்வளவு விலகுகின்றன என்பதை 2015இல் இத்தாலியைச் சேர்ந்த டி மாயோ குழுவினர் கணக்கிட்டுக் காட்டினர். மூன்று பெரிய மருந்தாய்வுகளில் பங்கேற்ற 1,090 நோயாளிகள் தாமே நிரப்பிய தாள்களில் குறித்த பசியின்மை, குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, முடி உதிர்தல் ஆகியவற்றில், விளைவுக்கு விளைவு 40.7 முதல் 74.4 விழுக்காடு வரை மருத்துவரின் குறிப்பில் இடம்பெறவேயில்லை. நன்கு கண்காணிக்கப்படும் ஆய்வுகளிலேயே இந்நிலை. ஒரு காலைப் பொழுதில் நூறு பேரைப் பார்க்கும் நம் வெளிநோயாளர் பிரிவுகளில் எப்படியிருக்கும் என்பதை வாசகரே கருதிக்கொள்ளலாம். நாம் இதில் மருத்துவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. அர்ராஸிக்கே நேர்ந்தது அது.

கேட்டால் என்ன நேரும் என்பதற்கும் விடை வந்துவிட்டது. நியூயார்க்கில் ஈதன் பாஷ் தலைமையில், பரவிய புற்றுநோயுடைய 766 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2017இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினர் தம் துன்பங்களைக் கணினி வழியே தாமே தொடர்ந்து தெரிவித்தனர். கடுமையானால் செவிலியருக்குச் செய்தி போயிற்று. மறு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு. சொன்னவர்களின் இடைநிலை வாழ்நாள் 31.2 மாதங்கள், மற்றவர்களுடையது 26. புதிய மருந்து ஒன்று இந்த ஐந்து மாதங்களைத் தந்திருந்தால் அதன் விலை என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. இங்கே தரப்பட்டது செவி மட்டுமே.

தமிழில் கேட்பது எப்படி என்பது தனிச் சிக்கல். புற்றுநோயாளரின் வாழ்க்கைத் தரத்தை அளக்க ஐரோப்பிய ஆய்வுக் கழகம் 1993இல் வெளியிட்ட முப்பது வினாக்கள் கொண்ட தாள் தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளது. அடையாறு நிறுவனத்தின் உளவியல் துறையினர் நம் நோயாளிகளுக்கென்றே ஒரு வினாத்தாளை உருவாக்கினர். போற்றத்தக்க பணிகள் இவை. ஆயினும், சோர்வு, களைப்பு, அசதி, அலுப்பு, பலவீனம் என்பனவற்றுள் எதைத் தாளில் எழுதுவது? வயலில் உழைத்தவர் ‘களைப்பு’ என்றால் உழைப்பின் பின்விளைவைக் கருதுவார். உழைக்காமலே வரும் இதனை அவர் அப்பெயரால் அழைக்க மாட்டார். ‘நாக்கு செத்துப்போச்சு’ என்பவரிடம் சுவை உணர்வில் மாற்றம் உண்டா என்று வினவினால் இல்லை என்றே சொல்லக்கூடும். மரத்தல், மதமதப்பு, எரிச்சல், குத்தல், ஊசி ஊசியாய்க் குத்துதல் என்று நம் மொழி நரம்பின் வலிகளுக்கு வைத்திருக்கும் பெயர்கள் நிறையவே உள்ளன. சொல்லுக்குப் பஞ்சமில்லை.

அப்படியானால் சொல்லத் தடையாக நிற்பது எது? நம் சமுதாயத்தைப் பொறுத்தவரை, ஸப்ரு பற்றிய ஒரு தவறான விளக்கம் அத்தடைகளுள் ஒன்று என்பது நம் உறுதியான கருத்து. இமாம் கஸ்ஸாலி (ரஹ், மறைவு ஹிஜ்ரி 505 / கி.பி. 1111) ‘இஹ்யா’வின் தவக்குல் பற்றிய நூலில், நோயை மறைப்பதும் வெளிப்படுத்துவதும் குறித்துத் தனிப் பகுதியே எழுதியிருக்கிறார். நோயை மறைப்பதன் உயர்வை அவர் பேசுகிறார், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வெளிப்படுத்துதல் தகும் இடங்களை எண்ணும்போது முதலாவதாக அவர் கூறுவது மருத்துவம் செய்துகொள்வதற்காக மருத்துவரிடம் சொல்வது. அது முறையீடன்று, நிலையை எடுத்துரைப்பது என்பது அவர் விளக்கம். மனிதனின் இயலாமையையும் இறைவன்பால் அவனுக்குள்ள தேவையையும் காட்டுவதற்காகச் சொல்வதையும் அவர் ஏற்கிறார். ஸஹீஹுல் புகாரியின் நோயாளிகள் பற்றிய பகுதியில், வலிக்கிறது என்றும் தலை நோகிறது என்றும் நோயாளி சொல்லலாம் என்பதற்கென்றே ஒரு தலைப்பு உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தலைவலியால் அரற்றியதும், நபி (ஸல்) அவர்கள் தமக்கும் அவ்வாறே என்றதும், இருவருக்குள்ள காய்ச்சல் தமக்கு ஒருவருக்கே இருப்பதாக இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடம் சொன்னதும் அங்கே பதிவாகியுள்ளன. தமக்கு நேர்ந்த ‘ளுர்ரு’வை வாய்விட்டுச் சொன்ன அய்யூப் (அலை) அவர்களைத்தான் திருக்குர்ஆன் (38:44) பொறுமையாளர் என்று போற்றுகிறது. அவர்கள் முறையிட்டது இறைவனிடமே என்பது உண்மை. ஆனால் வலியைப் பெயரிட்டுச் சொல்வதே பொறுமைக்கு மாறு என்றிருந்தால் அப்போற்றுதலுக்கு இடமிருந்திராது.

அபூதாவூதில் வரும் ஒரு நிகழ்ச்சி இதற்கு மிக அணுக்கமானது. பயணத்தில் ஒருவர் தலையில் காயமுற்றார். குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகையுண்டா என்று தோழர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கையில் இல்லை என்றனர். அவர் குளித்து, அதனால் இறந்தார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள் மிகக் கடுமையான சொற்களால் அத்தோழர்களைக் கடிந்துகொண்டார்கள். தெரியாதவர்கள் கேட்டறிந்திருக்க வேண்டாமா என்பதே அக்கண்டனத்தின் சாரம். ஹிஜ்ரி 8இல் தாதுஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது, கடுங்குளிர் இரவில் உயிருக்கு அஞ்சித் தயம்மும் செய்து தொழுவித்த அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் விளக்கத்தைக் கேட்டு நபியவர்கள் புன்னகைத்ததையும் அதே நூல் பதிவு செய்கிறது.

இவற்றை ஏன் இவ்வளவு விரிக்கிறோம் என்றால், அம்மையாருக்கு நரம்பு வழி தரப்பட்ட மருந்து ஆக்ஸாலிபிளாட்டின். குளிர்ச்சி பட்டவுடன் விரலிலும் தொண்டையிலும் அதிர்வும் இறுக்கமும் தோன்றுவது அம்மருந்தின் நன்கறியப்பட்ட முளிர். பெறுவோரில் மிகப் பெரும்பாலோருக்கு ஏற்படுவது. முதல் சில நாள்களில் கடுமையாகி மெல்லத் தணிவது. கவனிக்காமல் சுற்று மேல் சுற்றாக ஏற்றினால் நிலைத்த மரப்பாகிவிடும் ஆபத்தும் உண்டு. அவர் விழுங்கிய கேப்பெசிட்டபின் மாத்திரை உள்ளங்கையையும் உள்ளங்காலையும் தாக்குவது. அதற்கு டைக்ளோஃபினாக் களிம்பு தடுப்பாகும் என்பதைப் புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 264 நோயாளிகளிடம் ஆராய்ந்து 2024இல் வெளியிட்டனர். தொல்லை தரும் அளவிலான தோல் பாதிப்பு, வெறும் களிம்பு பூசியவர்களில் 15 விழுக்காட்டினருக்கும், மருந்துக் களிம்பு பூசியவர்களில் 3.8 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டது. அதே ஆண்டு மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையினர், குமட்டலுக்குத் தரும் ஓலான்ஸபினை வழக்கமான 10 மில்லிகிராமுக்குப் பதில் 2.5 மில்லிகிராம் தந்தாலே போதும், பகல் முழுதும் தூங்கிவிழும் தொல்லை குறையும் என்று காட்டினர். முஸ்லிஹுக்கும் ஒரு முளிர் உண்டு, அதற்கும் மருந்து தேட வேண்டும் என்பதை மேலை நாடுகளைக் காத்திராமல் நம் நாட்டு மருத்துவமனைகளே ஆராயத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது.

நோன்பைப் பற்றியும் ஒரு சொல். அம்மாத்திரை காலையும் மாலையும் உணவுக்குப்பின் உட்கொள்ள வேண்டியது. ஸஹருக்கும் இஃப்தாருக்கும் நேரத்தை நகர்த்தினால் ஆயிற்று என்று அம்மையார் தாமாகவே முடிவு செய்திருந்தார். வயிற்றுப்போக்கும் நீரிழப்பும் நேரக்கூடிய மருந்தோடு பதின்மூன்று மணி நேரம் நீரின்றி இருப்பது என்ன ஆகும் என்பதை மருத்துவரிடமும் கேட்கவில்லை, ஆலிமிடமும் கேட்கவில்லை. நோயாளிக்கான சலுகையைத் திருக்குர்ஆன் (2:184, 185) நோன்பின் கடமையைச் சொல்லும் அதே இடத்திலேயே சொல்கிறது. ஃபத்வா வழங்குவது நம் வேலையன்று. ஆனால் ஃபத்வா கேட்கும்போது மருந்தின் பெயரையும் அதன் முளிரையும் ஆலிமிடம் சொல்லாமல் கேட்டால், அவர் எதை வைத்து விடை சொல்வார்?

நான்காம் சுற்றுக்குச் சென்றபோது நாமும் உடன் சென்றோம். அவர் வாய் திறக்கத் தயங்கியதால், வீட்டிலேயே ஒரு தாளில் அவர் சொல்லச் சொல்ல அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொண்டு போயிருந்தோம்: ‘பச்சத் தண்ணி பட்டா ஷாக் அடிக்கிது, அரை மணி நேரம் விரல் மடங்கல, உள்ளங்கை எரியுது, அரிசி களைய முடியல.’ இளம் மருத்துவர் அத்தாளை வாங்கி இருமுறை படித்தார். கைகளை விரித்துப் பார்த்தார். அன்றைய ஊசியை ஒரு வாரம் தள்ளிவைத்து, அளவையும் குறைத்து எழுதினார். இதை முன்பே சொல்லியிருக்கலாமே அம்மா என்றார். அம்மையார் நம்மைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

தயம்மும் பற்றி ஊர்ப் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டோம். வெந்நீர் கிடைக்கும் இடத்தில் வெந்நீரால் உளூச் செய்யட்டும், அதுவும் தீங்கு தரும் என்று மருத்துவர் சொன்னால் தயம்மும் என்றார். அன்று முதல் ஃபஜ்ருக்கு முன் எழுந்து, விறகடுப்பில் ஒரு சிறு அண்டாவில் நீரைச் சூடாக்கிக் கொல்லைப்புறத்தில் வைப்பது பேரனின் வேலையாயிற்று.